நீல மூடி, வெள்ளை மூடி

எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணப் பேச்சு வந்து வந்து தட்டிப் போய்க்கொண்டிருந்த நாளில், சங்கரன்கோவிலுக்கு ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். வைத்தியம் பார்க்க அல்ல, ஆராய்ச்சி பண்ண. ரத வீதியில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து வாசலில் பலகை மாட்டினார். பலகையில் ‘டாக்டர்’ என்ற சொல் மட்டும் பெரிய எழுத்தில் இருந்ததால், முதல் வாரம் பூராவும் இருமலும் சேற்றுப்புண்ணுமாக ஆட்கள் படியேறினார்கள். அவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தான் மருந்து கொடுக்க வந்தவன் இல்லை என்று பொறுமையாக விளக்குவார். விளக்கி முடித்ததும் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்புவார்.

மெட்ராஸ்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் கையை மடித்து நான் பார்த்ததில்லை. 

அவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்த, கிராமத்துப் பெண்களிடம் பேசக்கூடிய ஒரு பெண் தேவைப்பட்டாள். நான் பி.யூ.சி. முடித்து டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா நூல் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடைக்காரர் சொல்லித்தான் போனேன்.

“ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமா?” என்று டாக்டர் கேட்டார்.

“வராது சார்.”

பார்த்திருக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“ஜீப்ல கிராமத்துக்குப் போகணும். வீட்டுல விடுவாங்களா?”

“கேக்கணும் சார்.”

மறுநாள் அம்மா தானே மாடியேறி வந்தாள். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

“சம்பளம் நீங்க குடுப்பியளா?”

“நான் இல்லைங்கம்மா. கிராண்ட்லேருந்து வரும்.”

“அவரு எந்த ஊரு?”

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “டில்லி” என்றார்.

“குடும்பத்தோட இருக்காவளா?”

அதற்குப் பிறகுதான் அவர் விளக்கினார். கிராண்ட் என்றால் ஆள் இல்லை, டில்லியில் ஒரு ஆராய்ச்சி ஆபீஸ் இருக்கிறது, இன்னின்ன விஷயத்தை ஆராய வேண்டும் என்று எழுதிக் கேட்டால், அவர்கள் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் ஒதுக்குவார்கள், அதுதான் கிராண்ட். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப ஆளுன்னு யாரும் இல்ல” என்றாள். 

“இல்லைங்கம்மா.”

“சரி. டிரைவருக்கு என்ன வயசு?”

டிரைவர் அண்ணாச்சிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதனால் எனக்கு வேலை கிடைத்தது.

ஆராய்ச்சி என்னவென்றால், கரிசல் காட்டில் கூலி வேலை பார்க்கிற பெண்களுக்கு ரத்தசோகை அதிகம். அவர்களுக்குத் தினமும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், வேலை செய்கிற தெம்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த விண்ணப்பத்தை எழுதி, திருப்பி எழுதி, கிராண்ட் வாங்குவதற்குள் டாக்டருக்கு முன்மண்டை முடி கொட்டிவிட்டதாக அண்ணாச்சி சொன்னார். கேட்டது எல்லாம் கிடைக்கவுமில்லை. ஃபிரிட்ஜ் கொடுத்திருந்தார்கள், ஸ்டெபிலைசரை வெட்டிவிட்டார்கள். அந்தக் காலத்துக் கரண்டில் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஃபிரிட்ஜைப் போட்டால் புகை வரும். ஆகவே போடவில்லை. பூட்டுப் போட்ட ஒரே அலமாரி அதுதான் என்பதால் ஃபைல்களை அதற்குள் அடுக்கினேன். எலி தொல்லை இல்லை.

குருவிகுளம் போகிற பாதையில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கேதான் வேலை. பெண்கள் விடியக் காலையிலேயே காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் நாங்கள் அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பஞ்சாயத்து ரேடியோ கட்டடத்து வாசலில் ஒரு மேஜை போட்டு உட்காருவோம். மழை பெய்தால் ஜீப் உள்ளே போகாது. கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். டாக்டர் அப்போதும் சட்டைக் கையை மடிக்க மாட்டார்.

முதல் நாள் ரத்தம் எடுத்ததைச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் ஊசியால் குத்தி, கிளம்பும் ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழலில் அளவாக உறிஞ்சி எடுக்க வேண்டும். குழலின் மறுமுனையில் ஒரு ரப்பர் டியூப் இருக்கும். அந்த டியூபின் நுனி என் வாயில் இருக்கும். கோடு வரைக்கும் உறிஞ்சி, இன்னொரு குழாயில் இருக்கிற ஆசிட்டில் விட்டுவிட வேண்டும். வாய்க்கு ரத்தம் வராது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது. சங்கரன்கோவில்காரி ரத்தம் குடிக்கிறாள்.

மறுநாள் யாரும் வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

அப்போது கிணற்றடியில் குடியிருந்த ஒரு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நெட்டையாக, எலும்பும் தோலுமாக இருப்பாள். ஒரு புஞ்சையில் பேசினால் அடுத்த புஞ்சையில் கேட்கும். வந்தவள் மேஜைக்கு முன்னால் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

“ரத்தம் குடிக்கவ இப்படியாட்டி வத்திப் போயி இருப்பா? நல்லாப் பாருங்கட்டி.”

எல்லோரும் நல்லாப் பார்த்தார்கள். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். வரிசையில் வந்து நின்றார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, ஆனால் வேலை நிறைய இருந்தது.

அந்த அக்காதான் முதலில் விரலை நீட்டினாள். ஆசிட்டில் விழுந்ததும் ரத்தம் பழுப்பாகிவிடும். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பக்கத்தில் இருக்கிற கண்ணாடித் துண்டின் நிறத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். நல்ல ரத்தத்துக்கு நிறையத் தண்ணீர் பிடிக்கும். அவளுடைய ரத்தத்துக்குக் கொஞ்சம் விட்டதுமே போதும் என்றாகிவிட்டது.

“என் ரத்தத்தக் கருப்பட்டித் தண்ணியா ஆக்கிட்டியேட்டி” என்றாள்.

டாக்டர் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பு மாதிரி இருந்தது. என்னை இன்னொரு தடவை ரத்தம் பார்க்கச் சொன்னார். மிகவும் மோசமாக இருக்கிறவர்களை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று விதி. இவள் அந்த எல்லைக்குக் கொஞ்சம் மேலே நின்றாள். ஆகவே சேர்ந்தாள்.

ரத்தம் எடுத்த பிறகு கேள்விகள் இருந்தன. கேள்விகளை டில்லியிலேயே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று, ‘மண் தின்னும் பழக்கம் உண்டா?’ ரத்தம் குறைந்தவர்களுக்கு மண் தின்ன ஆசை வருமாம். நான் கேட்டேன். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் உண்டு என்றார்கள்.

“கோயிலுக்கு வந்தா புத்து மண்ணு வாயில போடாம யாரு போவா?” என்றாள் அக்கா. “நீ போட மாட்டியோ?”

நானும் போடுவேன். எங்கள் ஊர்க் கோயிலில் புற்று மண்தான் பிரசாதம், அதுதான் மருந்து. டாக்டர் அப்படியே டில்லிக்கு எழுதினார். அங்கிருந்து, இந்த வட்டாரத்துப் பெண்கள் எல்லோருமே மண் தின்கிறார்கள் என்பது நம்பும்படியாக இல்லை, மறுபடி விசாரிக்கவும் என்று பதில் வந்தது. டாக்டர் உட்கார்ந்து புற்று மண்ணைப் பற்றி இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினார். நான் டைப் அடித்தேன். கேள்வியைத் திருத்திக்கொள்ள அனுமதி வந்தது. ‘கோயில் மண் தவிர வேறு மண்?’

இந்தத் தடவை அநேகம் பேர் இல்லை என்றார்கள். சிலர் உடனே சொல்லவில்லை. கூட வந்தவர்கள் நகர்ந்த பிறகு, மெதுவாகச் சொன்னார்கள். கிணற்றடி அக்காவும் குரலைத் தாழ்த்தியது அன்று ஒரு நாள்தான்.

“மழ பெஞ்சா செவுரு ஒரு வாடை வீசுமில்லா… பேத்து வாயில போட்டுருவேன். போடாம இருக்க முடியல.”

நான் அதைக் குறித்துக்கொண்டேன். அடுத்த கேள்விக்குப் போனேன். அடுத்த கேள்வி வீட்டில் எத்தனை மாடு என்பது.

பிறகு மாத்திரைகள் வந்தன. எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே அளவு. பாட்டில் மட்டும் இரண்டு தினுசு. ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்கு வெள்ளை மூடி. ஒன்றில் இரும்பு இருக்கும். மற்றதில் மாவுதான். யாருக்கு எது என்பதை டில்லியில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருந்தார்கள். எது மருந்து என்ற விவரம் டில்லியில் ஒரு அரக்கு வைத்த கவருக்குள் இருந்தது. டாக்டருக்கும் தெரியாது. பெண்களிடம் இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். எங்கள் டாக்டர் சொல்லியே ஆக வேண்டும் என்றார். ரேடியோ கட்டடத்து வாசலில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“ஒரு மூடியில மருந்து இருக்கும். இன்னொண்ணுல இருக்காது. எதுலன்னு எனக்கே தெரியாதும்மா.”

எல்லோரும் மேஜைமேல் இருந்த மூடிகளைப் பார்த்தார்கள்.

“தெரியாமலா குடுக்கிய?” என்றாள் அக்கா.

“தெரியாமத்தான் குடுக்கணும். தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுடும்.”

“தெரியாம இருக்கதுக்கா டில்லியில பணம் குடுத்திருக்காவ?”

டாக்டர் யோசித்துப் பார்த்தார். “ஆமாம்மா” என்றார்.

வாங்கிக்கொண்டார்கள். இது பிள்ளை பிறக்காமலிருக்கக் கொடுக்கிற மாத்திரை என்று நடுவில் ஒரு பேச்சுக் கிளம்பியது. எமர்ஜென்சியில் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு நடந்து முடிந்த நேரம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நீல மூடிக்காரி ஒருத்தி உண்டானதும் அந்தப் பேச்சு நின்றுபோனது. ஆராய்ச்சியின் நல்ல பெயரைக் காப்பாற்றிய அவளை, கர்ப்பிணிகள் கூடாது என்ற விதிப்படி ஆராய்ச்சியிலிருந்து நீக்கி, ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

கிணற்றடி அக்காவுக்கு விழுந்தது வெள்ளை மூடி. அவளுடைய ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தன் பெண்டாட்டிக்கு, நீல மூடி. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பிக்கொண்டார்கள். முற்றத்தில் கிடந்த ஆட்டுரலைப் பிரிக்க முடியாததால் அது மட்டும் பொது. இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிவிட்டது. காரணம் கேட்டால் ஊரில் ஒருவர் கட்டில் என்பார், ஒருவர் ஆடு என்பார். நான் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டு, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மோரைக் குடித்துவிட்டு வருவேன்.

மாத்திரை கொடுக்க ஆரம்பித்துச் சில வாரங்கள் போயிருக்கும். பாட்டிலில் மீதி எத்தனை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள்.

“நீல மூடியிலதான் மருந்து இருக்கு.”

“அது யாருக்கும் தெரியாதுக்கா.”

“எல்லாத்துக்கும் தெரியும். நீல மூடிக்காரி பூராவும் கறுப்பா இருக்கா.”

“கறுப்பாவா? ஆளா?”

“ஆளு இல்லட்டி.” அவள் உடங்காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். ஊர்ப் பெண்கள் விடியுமுன் ஒதுங்குகிற இடம் அது. “அங்கன.”

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை வந்தது. கல்யாணமாகாத பெண், அவர் ஆண், நடுவில் டிரைவர் அண்ணாச்சி வேறு. ஜீப் ஊரைத் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

“சார், கலர் மாறுதாம் சார்.”

“எது? மாத்திரையா?”

“இல்ல சார். நீல மூடிக்காரங்களுக்குக் கறுப்பா மாறுதாம்.”

“தோலா?”

“தோல் இல்ல சார்.”

“நாக்கா?”

“உடங்காட்டுல சார்.”

அண்ணாச்சி லேசாக இருமினார். டாக்டருக்கு அப்போது பிடிபட்டது. இரும்பு தின்றால் அப்படித்தான் போகும், அது மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றார். விண்ணப்பத்திலேயே அதை எழுதியிருந்தாராம். மாவு மாத்திரையிலும் அதே நிறம் வருகிற மாதிரி ஏதாவது சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாராம். செலவைக் குறைக்கும்போது அந்த வரியை வெட்டிவிட்டார்களாம். ஸ்டெபிலைசருக்கு அடுத்த வரி.

“தெரிஞ்சாலும் பரவாயில்லை” என்றார் கடைசியில். “அவங்கவங்க மாத்திரையை அவங்கவங்க சாப்பிட்டாப் போதும்.”

அடுத்த தடவை மழை. ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தோம். டாக்டர் ரேடியோ கட்டடத்துக்குப் போக, நான் பெட்டியோடு கிணற்றடிக்குப் போனேன். பொழுது அப்போதுதான் வெளுத்திருந்தது. சந்து முனையிலிருந்து முற்றம் தெரிந்தது.

ஓரகத்தி வெளியே வந்தாள். கையிலிருந்த எதையோ ஆட்டுரல் விளிம்பில் வைத்து, கோழி கொத்தாமலிருக்க ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடினாள். உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அக்கா வந்தாள். சிரட்டையைத் தூக்கி, சிவப்பு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தன் முந்தியிலிருந்து ஒரு சிவப்பு மாத்திரையை அவிழ்த்து அதே இடத்தில் வைத்து மூடினாள். உள்ளே போனாள். ஓரகத்தி மறுபடி வந்து சிரட்டையைத் தூக்கி, அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒருத்தி வரும்போது மற்றவள் நிற்கவில்லை. ஒரு பேச்சு இல்லை.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன்.

“என்னக்கா இது?” என்று அக்காவிடம் போய்க் கேட்டேன்.

“என்னது?”

“அவுக மாத்திரைய நீங்க எடுத்தியளே.”

“ஒரு நாளு விட்டு ஒரு நாளு எடுக்கேன். அவளும் அப்படித்தான்.”

“நீங்க கேட்டியளா?”

“நான் எதுக்குக் கேக்கேன்? அவகூட எனக்குப் பேச்சு கெடையாது.” துணியை உதறிக் கொடியில் போட்டாள். “பருத்தி எடுக்கப் போன எடத்துல மயங்கி விழுந்துட்டேன். நாலு பேரு தூக்கிட்டு வந்தாவ. மறுநாளு காலைல ஒரலு மேல ஒண்ணு இருந்துச்சு. யாரு வச்சான்னு தெரியாதா? சும்மா எடுக்க முடியுமா? என்னுதுல ஒண்ண வச்சேன்.”

“உங்களுதுல மருந்து இல்லன்னு நீங்கதானக்கா சொன்னிய.”

“அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எடுத்தா வைக்கணுமில்லா.”

விசாரித்ததில், ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு ஆட்டுரலும் சிரட்டையும் தேவைப்படவில்லை. கையிலேயே மாற்றிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் சொன்னேன். டாக்டர் ஆராய்ச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“மயங்கி விழுந்தாங்களா? எப்போ?”

“நமக்கு யாரும் சொல்லல சார்.”

அண்ணாச்சிதான் பேச்செடுத்தார்.

“இத டில்லிக்கு எழுதணுமா சார்?”

“எழுதணும்.”

“எழுதுனா கிராண்ட நிப்பாட்டிருவாவளே.”

“நிறுத்திடுவாங்க.”

“எழுதாட்டா?”

“தப்பான முடிவு வரும். இரும்பு கொடுத்தாலும் கொடுக்காட்டாலும் ஒண்ணுதான்னு புத்தகத்துல ஏறிடும். அதைப் படிச்சிட்டு எங்கேயாவது எவனாவது மாத்திரையை நிறுத்துவான்.”

அண்ணாச்சி கொஞ்ச தூரம் ஓட்டினார். “அப்ப எழுதிருங்க” என்றார்.

எனக்கு இரண்டு கவலை. வேலை போய்விடும் என்பது ஒன்று. வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்தக் கடிதத்தை நானே டைப் அடித்தேன். ஒரு எழுத்தும் தப்பாமல் வந்தது. அப்படி அதற்கு முன் வந்ததில்லை.

மறுநாள் டாக்டர் தன் கைக்காசில் ஒரு இரும்பு டானிக் வாங்கி என்னிடம் கொடுத்தனுப்பினார். கிணற்றடி அக்காவை ஆராய்ச்சியிலிருந்து எடுத்தாகிவிட்டது, இது மருந்துதான், தினமும் குடிக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். அக்கா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்ன மூடி, மஞ்சளா இருக்கு?”

“மூடியப் பாக்காதியக்கா. குடிங்க.”

கடிதம் போய்ச் சேர்ந்து, டில்லியிலிருந்து ஒரு அம்மாள் ரயிலில் வந்து இறங்கினார். வயதானவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம், தோளில் தொங்கவிட்ட தெர்மாஸ். கிராண்ட் கொடுக்கலாமா வேண்டாமா என்று விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு செய்கிற இடத்தில் இருந்தவர். தமிழ் தெரியாது. மாடிக்கு வந்ததும் முதலில் ஃபிரிட்ஜைக் காட்டச் சொன்னார். திறந்து காட்டினேன். உள்ளே ஃபைல்கள் வரிசையாக நின்றன. அவர் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்துப் பார்த்து, திரும்ப வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினார்.

கிராமத்தில் அவர் இங்கிலீஷில் கேட்க, டாக்டர் தமிழில் கேட்டார். முதலில் ஓரகத்தி. உன் மாத்திரையை ஏன் இன்னொருத்திக்குக் கொடுத்தாய் என்பது கேள்வி.

அவள் அக்கா பக்கமே திரும்பாமல் சொன்னாள். “நான் யாருக்கும் குடுக்கல. ஒரலு மேல வைக்கேன். அத யாரு எடுக்காவன்னு நான் நின்னா பாக்கேன்? ஒரே முத்தத்துல ஒருத்தி மயங்கி விழுந்து கெடக்கும்போது, இன்னொருத்தி வேளாவேளைக்கு மருந்து தின்னுக்கிட்டு இருந்தா, அது என்ன பொழப்பு? அவ ஆடு எங்க வெள்ளாமையில மேஞ்சது வேற. அத நான் விட்டுக் குடுக்க மாட்டேன். இது வேற.”

டாக்டர் டில்லி அம்மாளிடம், “சமூகக் காரணங்கள்” என்று இங்கிலீஷில் சொன்னார்.

“அவள் அதைவிட அதிகமாகப் பேசினாள்” என்றார் அந்த அம்மாள்.

டாக்டர் முழுவதையும் சொன்னார், ஆடு உட்பட. அம்மாள் தெர்மாஸைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பிறகு அக்காவைக் காட்டி, வெள்ளை மூடியில் மருந்து இல்லை என்று தெரிந்த பிறகும் இவள் ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டாள் என்று கேட்கச் சொன்னார்.

அக்காவுக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. டாக்டரைப் பார்த்து, “நீங்க குடுத்தியளே” என்றாள்.

டாக்டர் இதை உடனே மொழிபெயர்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் சுற்றி நின்றவர்கள், அந்த அம்மாவுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், வெளுத்துப்போய் இருக்கிறார் என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். நான் குத்தி உறிஞ்சிப் பார்த்தேன். டில்லியிலும் குறைவாகத்தான் இருந்தது.

சங்கரன்கோவில் மாடியில் அன்று மத்தியானம் பேச்சு நடந்தது. நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று அந்த அம்மாள் சொன்னார். இனி இதிலிருந்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அடுத்த வருஷத்துக்குப் பணம் கொடுக்க அவரால் சிபாரிசு செய்ய முடியாது.

“மாவு மாத்திரைக்கு நிறம் சேர்க்கக் கேட்டிருந்தேன்” என்றார் டாக்டர். “அந்த வரியை யாரோ வெட்டிட்டாங்க.”

“நான்தான் வெட்டினேன்” என்றார் அம்மாள். “நான் வேலை பார்த்த ஊர்களில் எல்லோரும் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.”

பிறகு அவர், மார்ச் வரைக்கும் வந்த பணம் இருக்கிறதே, அதைத் திருப்பி அனுப்புவது செலவு செய்வதைவிடக் கஷ்டம், அதுவரை எல்லோருக்கும் இரும்பு மாத்திரையே கொடுத்துவிடுங்கள் என்றார்.

“எந்தத் தலைப்பில் எழுதறது?”

“இறுதிக் கட்டம் என்று எழுதுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.”

அவர் போன பிறகு, அரக்குக் கவரைப் பிரித்து, நீல மூடிதான் மருந்து என்று டில்லியிலிருந்து எழுதியிருந்தார்கள். ரகசியம் என்று மேலே குறித்திருந்தது. நான் ஊரில் போய் அறிவித்தேன். பெண்கள் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. ஒருத்தி மட்டும், மரியாதைக்காக, “அப்படியா” என்றாள்.

மார்ச் வரைக்கும் எல்லோரும் நீல மூடி வாங்கினார்கள். கடைசி நாள் அக்கா விரலை நீட்டினாள். ஆசிட்டில் ரத்தத்தை விட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

“நெறையத் தண்ணி பிடிக்கே. நல்லதா கெட்டதா?”

“நல்லதுக்கா.”

“அவளுக்கு?”

“யாருக்கு?”

அவள் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

“அவுகளுக்கும் நல்லாத்தான் இருக்கு.”

“நான் கேட்டன்னு சொல்லாத.”

எண்களையெல்லாம் டாக்டரிடம் காட்டினேன். ஏறக்குறைய எல்லோருக்கும் ஏறியிருந்தது. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதனால ஒண்ணும் நிரூபணம் ஆகாது” என்றார். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். அண்ணாச்சிக்கும் எனக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

மாடியைக் காலி செய்தார்கள். ஜீப்பை வந்து எடுத்துப் போனார்கள். டாக்டர் வடக்கே எங்கேயோ வேறு ஆராய்ச்சிக்குப் போனார். போகுமுன் எனக்கு ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டி ஒரு ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்து, பயிற்சி முடித்து, ஓய்வுபெறும் வரை அதே வேலையில்தான் இருந்தேன். கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். அம்மாவே காப்பி கொடுத்தாள்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு நாள், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. கிணற்றடி அக்கா. தலையில் ஒரு மூட்டை. அதை இறக்காமலே பேசினாள். மூச்சு வாங்கவில்லை.

“அந்த மாத்திர இப்ப ஆஸ்பத்திரியிலயே குடுக்காவ. நாங்க நாலஞ்சு பேரு போயி வாங்கிட்டு வந்து பங்கு வச்சிக்கிடுதோம்” என்றாள்.

“உங்க ஓரகத்திகூடப் பேசுதியளாக்கா?”

“எதுக்கு?” என்றாள்.

பிறகு கொஞ்சம் கிட்டே வந்தாள். “முதுகு வலிக்கு யாராவது கிராண்டு குடுக்காவளாட்டி? எங்க ஊருல எல்லாத்துக்கும் இருக்கு. இருக்கவ இல்லாதவன்னு ரெண்டாப் பிரிக்க வேண்டிய சோலி இல்ல.”

எனக்குத் தெரிந்து யாரும் கொடுக்கவில்லை, இருந்தால் சொல்கிறேன் என்றேன். குருவிகுளம் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் முண்டி ஏறி, மூட்டையைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அந்த டாக்டரு கல்யாணம் முடிச்சிட்டாரா?”

“தெரியலக்கா. பழக்கம் விட்டுப்போச்சு.”

“முடிச்சிருக்க மாட்டாரு” என்றாள். “எதையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாக்கச் சொல்லுதவரு.”

பஸ் கிளம்பிற்று. அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அடுத்த புஞ்சை வரை கேட்கிற குரல்தான், ஆனால் கண்டக்டரின் விசில் அதைவிடப் பெரிதாக இருந்தது.